தலைக்கவசத்துக்குள் தண்ணீர்: ஓர் அறிக்கையின் விமரிசனம்

விமரிசனம் என்றால் ஒரு நூலையோ திரைப்படத்தையோ எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். இம்முறை நான் ஒரு விசாரணை அறிக்கையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நாவலைவிட விறுவிறுப்பான அறிக்கை அது என்பதை மட்டும் முன்னதாகச் சொல்லி வைக்கிறேன்.

2013 ஜூலை 16ஆம் நாள். பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தார் இத்தாலிய வீரர் லூக்கா பார்மிட்டானோ. பூமிக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரம், சுற்றிலும் வெற்றிடம். அங்கே அந்த மனிதர் தண்ணீரில் மூழ்கிச் சாக இருந்தார்! அவருடைய தலைக்கவசத்துக்குள் எங்கிருந்தோ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் புகுந்துவிட்டது. இது எப்படி நேர்ந்தது என்று ஆராய நாசா ஐவர் குழு ஒன்றை அமைத்தது. குழுவின் அறிக்கை 2014 பிப்ரவரியில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அதைத்தான் கடந்த சில வாரங்களாக மாலை வேளைகளில் என் மாணவர்களுக்குப் படித்துத் தமிழில் விளக்கி வருகிறேன்.

முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

வெளியே வந்து 44 நிமிடங்கள் ஆனபோது, தலையின் பின்புறம் ஈரமாக இருப்பதாக லூக்கா தெரிவித்தார். ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள், கூட வந்த வீரர், ஏன் லூக்காவே கூட, முதலில் ஐயுற்றது குடிநீர்ப் பையை. விண்வெளி உடைக்குள் மார்புப் பக்கத்தில் ஒரு பை இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் வாய்க்கு அருகே வரும். அந்தப் பை ஒழுகுகிறது என்று எண்ணினார்கள். பையில் இருந்ததை லூக்கா குடித்துத் தீர்த்தார். ஈரம் குறையவில்லை, கூடிற்று. முதல் எச்சரிக்கைக்கும் 'வேலையை நிறுத்தித் திரும்புங்கள்' என்ற ஆணைக்கும் இடையே இருபது நிமிடங்களுக்கு மேல் கழிந்தன.

திரும்பும் வழியில்தான் நிலைமை முற்றியது. தண்ணீர் தலையைச் சுற்றி ஊர்ந்து வந்து கண்களை மூடியது, மூக்கை அடைத்தது, காதிலிருந்த ஒலிக்கருவியையும் நனைத்தது. அந்நேரம் பார்த்துச் சூரியனும் மறைந்தது. அவர் பிழைத்ததற்குக் காரணம், நிலையத்தோடு அவரைப் பிணைத்திருந்த கம்பிக் கயிறு. அது தன்னைத் தானே சுருட்டிக்கொள்ள இழுக்கும் இழுப்பை வழிகாட்டியாகக் கொண்டு, குருடர் கோல் பிடித்து நடப்பது போல் காற்றடைப்பு அறையின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

இதில் பௌதிகம் என்ன என்று பார்ப்போம். கையை நனைத்துத் தலைகீழாகப் பிடித்தால் பெரும்பகுதி நீர் சொட்டி விழுந்துவிடும். மெல்லிய படலமும் சில துளிகளும் ஒட்டியிருக்கும். விழச் செய்வது எடை. ஒட்டிவைப்பது பரப்பு இழுவிசை. எந்த அளவு வரை பரப்பு இழுவிசையின் ஆட்சி, எந்த அளவுக்குமேல் எடையின் ஆட்சி என்பதை ஓர் எளிய கணக்கு சொல்லும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். இதை நீரின் அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம் இவற்றின் பெருக்கற்பலனாகிய 9,800ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர் கிடைக்கிறது. மழைத்துளியின் அளவு ஏன் அவ்வளவாக இருக்கிறது என்பதற்குக்கூட இது ஒரு குறிப்பு. நிலையத்தில் உணரப்படும் ஈர்ப்பு நம்முடையதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். வர்க்கமூலத்தில் அது ஆயிரம் மடங்காகிறது. ஆக, அங்கே பரப்பு இழுவிசையின் ஆட்சி 2.7 மீட்டர் வரை நீள்கிறது! மனிதனே அதைவிடக் குட்டை. ஒரு லிட்டர் தண்ணீர் சொட்டவும் செய்யாது, வழியவும் செய்யாது. பாகு போல் தோலைப் பற்றிக்கொண்டு முகத்தின் மேல் பரவும். உடைக்குள் இருப்பவர் கையால் அதைத் துடைக்கவும் முடியாது.

தண்ணீர் வந்த வழியும் தெரிந்துகொள்ள வேண்டியதே. முதுகுச் சுமையில் ஒரே மோட்டாரின் அச்சில் மூன்று கருவிகள் சுழல்கின்றன: மூச்சுக்குரிய ஆக்சிஜனைச் சுற்றிவிடும் விசிறி, உடலைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றிவிடும் பம்பு, காற்றில் படியும் ஈரத்தை மைய விலக்கு விசையால் பிரித்தெடுக்கும் நீர் பிரிப்பான். தயிர் கடையும் இயந்திரத்தில் வெண்ணெய் பிரிவது போன்றதுதான் இந்த மூன்றாவது. அதன் சிறு துளைகளைக் கனிமப் படிவு அடைத்துவிட்டது. வெளியேற வழியில்லாத நீர் விசிறிப் பக்கம் திரும்பிக் காற்றோட்டச் சுற்றுக்குள் நுழைந்தது. அந்தச் சுற்று தலைக்கவசத்துக்குள் வந்து திறப்பது எங்கே தெரியுமா? தலைக்குப் பின்புறம்!

பை இருப்பது முன்னால். ஈரம் தோன்றியது பின்னால்.

இனி அறிக்கைக்கு வருவோம். இதுவரை நான் சொன்னது விபத்தின் கதை. அறிக்கையின் உயர்வு, அது இந்தக் கதையோடு நின்றுவிடாததில் இருக்கிறது. குழு ஒரு வாரம் பின்னோக்கிப் போகிறது. ஜூலை 9ஆம் நாளும் லூக்கா அதே உடையில் வெளியே சென்று வந்தார். உள்ளே வந்து கவசத்தைக் கழற்றியபோது அன்றைக்கும் தண்ணீர் இருந்தது. சிறிதளவன்று, அரை லிட்டருக்குக் குறையாமல் இருந்தது. துண்டால் துடைத்தார்கள். குடிநீர்ப் பைதான் என்றார்கள். பையை மாற்றினார்கள். ஏழாம் நாள் அதே உடையில் அதே மனிதரை வெளியே அனுப்பினார்கள். அன்றைய கசிவை ஒழுங்காக விசாரித்திருந்தால் அடுத்த ஆபத்தே நேர்ந்திராது என்று குழு ஒளிவுமறைவின்றி எழுதுகிறது.

அடிப்படைக் காரணங்களாகக் குழு காட்டுபவை துளையும் படிவும் மட்டுமல்ல. வீரர்களின் நேரத்தை ஆராய்ச்சிக்கே முழுக்கச் செலவிட வேண்டும் என்ற திட்ட அழுத்தம். 'பைகள் ஒழுகத்தான் செய்யும்' என்ற பரவலான எண்ணம். கோளாறு என்று எழுதிக் கொடுத்தால் பெருவேலை வந்து சேருமே என்ற தயக்கம். கவசத்தில் சிறிது ஈரம் இருப்பது இயல்பு என்று பழகிப்போனது. ஐந்தாவதைப் படித்தபோது நான் சற்று நேரம் அறிக்கையை மூடி வைத்துவிட்டேன். ஈர்ப்பற்ற நிலையில் நீர் எப்படி நடந்துகொள்ளும் என்ற பௌதிக அறிவை, காற்றோட்டச் சுற்றிலிருந்து வரும் நீருக்கு ஒருவரும் பொருத்திப் பார்க்கவில்லை என்கிறது அது. பரப்பு இழுவிசை தெரியாதவர்களா அவர்கள்? உலகிலேயே அதை நன்கறிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தார்கள். அறிவு அலமாரியில் இருந்தது. எடுத்துப் பயன்படுத்த ஒரு கேள்வி வேண்டியிருந்தது. 'பை ஒழுகும்' என்ற பதில் அந்தக் கேள்வியை எழவிடவில்லை.

இதை நம் ஊர்க் கண்ணால் பாருங்கள். நான் குடியிருப்பது சிறுசேரியில். பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்து கணினி நிறுவனங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் தண்ணீர் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் சாலையில் ஓர் ஈரக்கோடு போட்டுக்கொண்டே போகும். வால்வு ஒழுகுகிறதா, தொட்டி வெடித்திருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. தண்ணீர் லாரி என்றால் ஒழுகும், அவ்வளவுதான்.

லாரியைச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், நிறமாலைமானிச் சோதனைக்கு வைத்திருந்த சோடியம் விளக்கின் மின்மாற்றிப் பெட்டி தொட்டால் 'சுருக்'கென்று இழுக்கும். ஆய்வுக்கூட உதவியாளர் சிரித்துக்கொண்டே, "அது எப்பவுமே அப்படித்தான் சார். வலது பக்கமாப் பிடிச்சா ஒண்ணும் செய்யாது" என்பார். நானும் மாணவர்களிடம் வலது பக்கமாகப் பிடிக்கச் சொன்னேன். செய்முறைத் தேர்வு நெருங்கியிருந்தது. விளக்கைப் பழுதுபார்க்க அனுப்பினால் ஒரு வரிசை மாணவர்களுக்குச் சோதனை நின்றுவிடும். மழைநாள் ஒன்றில் கை ஈரத்தோடு ஒரு மாணவி அதைத் தொட்டாள். பின்னால் சாய்ந்து ஸ்டூலோடு விழுந்தாள். நல்லவேளையாக அரைமணி நேரக் கை மரத்துப்போனதோடு முடிந்தது. திறந்து பார்த்தால் புவித்தொடுப்புக் கம்பி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை ஆண்டுகளாகத் தொங்கியதோ! இருப்புப் பதிவேட்டில் அந்தப் பெட்டிக்கு எதிரே 'நன்னிலையில்' என்று அந்த ஆண்டு கையெழுத்திட்டவன் நான். மின்னோட்டம் பாடம் நடத்துபவனும் நானே. ஐந்தாவது காரணத்தைப் படித்ததும் அறிக்கையை ஏன் மூடினேன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

ஆகவே இந்த அறிக்கையைப் போற்றுபவர்களில் நானும் ஒருவன். ஆயினும் குறைகளைச் சொல்லாவிட்டால் இது விமரிசனம் ஆகாது.

ஒன்று, குழுவின் தலைவர் கிறிஸ் ஹான்சன் அதே விண்வெளி நிலையத் திட்டத்தின் தலைமைப் பொறியாளர். தன் வீட்டைத் தானே தணிக்கை செய்வது போன்றது இது. கடுமையாகத்தான் தணிக்கை செய்திருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அழுத்தம் தந்தது 'திட்டம்' என்றும், பழகிப்போனது 'சமூகம்' என்றும் எழுதும் அறிக்கை, வீரர்களின் நேரத்தைக் கணக்குப் பார்த்தது எந்த மேசை என்ற இடத்துக்கு வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. தனி ஆளைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பது நல்ல நெறி. அமைப்பை முகமற்றதாக்கிவிடுவது வேறு.

இரண்டு, 'இயல்பாகிப் போதல்' என்ற கருத்து குழு கண்டுபிடித்ததன்று. 1986இல் சாலஞ்சர் ஓடம் ஏழு பேருடன் அழிந்ததை ஆராய்ந்த சமூகவியலாளர் டயன் வான் 1996இலேயே அதை விரிவாக எழுதிவிட்டார். அங்கே ரப்பர் வளையங்கள் அரிபட்டது பழகிப்போனது. 2003இல் கொலம்பியாவில் நுரைத்துண்டு உடைந்து விழுவது பழகிப்போனது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். பத்தே ஆண்டில் அதே நிறுவனம் மூன்றாம் முறை அதே பள்ளத்தில் கால் வைத்திருக்கிறது. ஏன் மறக்கிறோம் என்பதை அறிக்கை ஆழ்ந்து கேட்டிருக்க வேண்டும். நாற்பத்தொன்பது பரிந்துரைகளைப் படித்து முடித்த பின்னும் எனக்கு அந்தக் குறை தீரவில்லை.

பரிந்துரைகளால் பயன் விளைந்ததா? விளைந்தது. அறிக்கை வெளிவருமுன்பே, தலைக்குப் பின்னால் நீரை உறிஞ்சும் பஞ்சணை ஒன்றும், தலைக்கவசம் நீரால் நிறைந்தால் உடையின் கீழ்ப்பகுதியிலிருந்து காற்றை இழுத்துச் சுவாசிக்க ஒரு மூச்சுக்குழலும் வைத்துவிட்டார்கள். 2013 டிசம்பரில் வெளியே சென்றவர்கள் இவற்றோடுதான் போனார்கள். குழந்தைக்குக் கட்டும் துணியும் பப்பாளித் தண்டுக் குழலும் போன்ற ஏற்பாடு! சிரிக்காதீர்கள், உயிர்காக்கும் ஏற்பாடு எளிதாக இருப்பதே நல்லது. இதைவிட முக்கியமான பயன் 2016 ஜனவரி 15இல் தெரிந்தது. அன்று வெளியே இருந்த டிம் கோப்ராவின் கவசத்துக்குள் ஒரு சிறு நீர்க்குமிழ் தோன்றியது. இம்முறை பையின் மேல் பழிபோட்டுக் காத்திருக்கவில்லை. வேலையை நிறுத்தி இருவரையும் உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

ஆனால் உடை பழையது. 1983 ஏப்ரலில் முதன்முதலாக விண்வெளியில் பயன்பட்ட அதே வடிவமைப்புத்தான் இன்றும். 2022 மார்ச்சில் ஜெர்மானிய வீரர் மத்தியாஸ் மவுரரின் கவசத்தில் மீண்டும் ஈரம். அவசரமற்ற விண்நடைகள் பல மாதங்கள் நிறுத்தப்பட்டன. 2024 ஜூன் 24இல் கதவைத் திறந்த நிலையில் ஓர் உடையின் குளிர்நீர் இணைப்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது, விண்நடை கைவிடப்பட்டது. புதிய உடைக்கு ஒப்பந்தம் பெற்ற இரு நிறுவனங்களுள் ஒன்று அந்த ஆண்டே விலகிக்கொண்டது. வேட்டி கிழியக் கிழியத் தைத்து உடுத்துவது சிக்கனம்தான். எத்தனை தையலுக்குப் பிறகு அது வேட்டி என்பது கேள்வி.

நிறுத்தத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2026 ஜனவரியில் நிலையத்தில் ஒருவரின் உடல்நிலை காரணமாக விண்நடை ஒத்திவைக்கப்பட்டது. நால்வர் குழு முழுவதும் திட்டமிட்ட நாளுக்கு முன்பே ஜனவரி 15இல் பூமிக்குத் திரும்பியது. அந்த நிலையத்தின் வரலாற்றில் மருத்துவக் காரணத்துக்காக ஒரு குழு முன்கூட்டித் திரும்பியது அதுவே முதல் முறை.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? நமக்கும் ஒரு கசிவுக் கதை இருக்கிறது. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா ஆக்சியம்-4 பயணத்தில் செல்லவிருந்தார். ஏவும் நாள் மாறிக்கொண்டே இருந்தது. என் மாணவர்களே "இந்த முறையும் இல்லையாம் சார்" என்று சலித்துக்கொண்டார்கள். நடந்தது என்ன? ஃபால்கன்-9 ராக்கெட்டின் முதற்கட்டத்தில் திரவ ஆக்சிஜன் கசிந்தது. அந்தக் கசிவு முந்தைய பயணத்திலேயே இருந்தது, முழுமையாகச் சரிசெய்யப்படவில்லை என்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தாரே சொன்னார்கள். கசியும் இடத்தில் வாயுவைச் செலுத்திச் சமாளித்துப் பறக்கலாம் என்பது முதலில் இருந்த ஏற்பாடு. 'பை ஒழுகும்' என்பதன் உறவுக்குரல் இதில் கேட்கவில்லையா?

அப்போது புளோரிடாவில் இருந்த இஸ்ரோ குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன். கன்னியாகுமரி மாவட்டம் மேலக்காட்டுவிளையில் பிறந்தவர். திரவ எரிபொருள் என்ஜின்களோடு வாழ்நாளைக் கழித்தவர். கசிவைச் சரிசெய்து, சோதித்துக் காட்டிய பிறகே ஏவ வேண்டும் என்று இந்தியக் குழு நின்றது. ஜூன் 11இல் ஏவுதல் நிறுத்தப்பட்டது. பிரித்துப் பார்த்தபோது குழாயில் விரிசல் இருந்தது என்று நாராயணன் பின்னர் தெரிவித்தார். ஜூன் 25இல் ராக்கெட் கிளம்பியது. சுக்லா நிலையத்தில் 18 நாட்கள் தங்கி ஜூலை 15இல் நலமே திரும்பினார். இருக்கைக்குப் பணம் கொடுத்த விருந்தாளி, வீட்டுக்காரரிடம் 'உங்கள் அடுப்பு கசிகிறது, அணையுங்கள்' என்று சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். அந்தப் பாராட்டை இஸ்ரோவுக்குக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

தயக்கம் வேறிடத்தில். இந்த நல்ல முடிவைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் சிறு அறிவிப்புகளாலும் மேடைப் பேச்சுகளாலும் தெரிந்தவையே. கல்லூரி மாணவன் எடுத்துப் படித்துக் கேள்வி கேட்கும்படியான அறிக்கை கிடையாது. நல்ல முடிவுக்கே இப்படி என்றால் தோல்விக்கு? 2025 மே 18இல் பி.எஸ்.எல்.வி.-சி61 மூன்றாம் கட்டத்தில் தவறியது. ஆய்வுக்குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை மக்கள் பார்வைக்கு வராமலே 2026 ஜனவரி 12இல் சி62 ஏவப்பட்டது. அதுவும் மூன்றாம் கட்டத்திலேயே தவறியது. அவ்விரண்டிலும் ஆள் இல்லை. ககன்யானில் இருப்பார்கள். பயிற்சி பெற்ற நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27இல் தும்பாவில் அறிவிக்கப்பட்டன. அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். 2035க்குள் நமக்கென ஒரு விண்வெளி நிலையம் என்றும் திட்டம் இருக்கிறது. அதில் ஒருவர் 'தலை ஈரமாக இருக்கிறது' என்று சொல்லும் நாளில், நம் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் எந்த அறிக்கைகளைப் படித்து வளர்ந்தவராக இருப்பார்?

இந்தியாவில் இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்தையே காட்டுவேன். சிறுசேரியிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவில் கல்பாக்கம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையின் நீர் பம்பு அறைக்குள் புகுந்தது; ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அணு உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே பன்னாட்டு வல்லுநர்கள் கல்பாக்கத்தில் கூடி, வெள்ள அபாயத்திலிருந்து அணுமின் நிலையங்களைக் காப்பது பற்றி விவாதித்தார்கள். அணு உலையைப் பற்றிப் பேச முடிந்த நாட்டில் ராக்கெட்டைப் பற்றிப் பேசத் தடை என்ன?

அறிக்கை இலவசமாகக் கிடைக்கிறது, ஆங்கிலத்தில்தான். தமிழ்வழி மாணவர்கள் அஞ்ச வேண்டாம். முன்னுரையையும் நிர்வாகச் சுருக்கத்தையும் தள்ளிவிட்டு, நிமிடவாரியாக நடந்ததைச் சொல்லும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். அதன் வாக்கியங்கள் சிறியவை. அடுத்து உடையின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்து, விசிறி, பம்பு, பிரிப்பான் மூன்றையும் நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். காரணங்களைக் கிளைகிளையாகப் பிரித்துக்காட்டும் வரைபடத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வகுப்பில் அதற்கு மட்டும் நான்கு மாலைகள் ஆயின. விழுந்த அந்த மாணவி இப்போது ஒரு பள்ளியில் பௌதிகம் நடத்துகிறாள். படத்தின் தமிழாக்கம் ஒன்று தனக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.